போர் முடியவில்லை, ஜெபத்தில் சொல்ல வார்த்தையும் இல்லை

கேள்வி:

அன்புள்ள போதகர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நான் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவள். என் மகன் உக்ரைன் நாட்டின் சுமி நகரத்தில் மருத்துவம் படித்தான். 2022ஆம் ஆண்டு போர் தொடங்கியபோது பன்னிரண்டு நாட்கள் விடுதியின் நிலவறையில் இருந்தார்கள். தண்ணீர் நின்றுபோய், பனியை அள்ளி உருக்கிக் குடித்தார்கள். அந்த நாட்களில் விடுதியில் துப்புரவு வேலை செய்த ஒரு பாட்டி, வீட்டிலிருந்து உருளைக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தாராம். மகன் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தான். பாட்டியோடு இன்றும் கைப்பேசியில் பேசுகிறோம். மகன்தான் மொழிபெயர்த்துச் சொல்லுவான்.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அந்த மக்களுக்காக ஜெபித்துவருகிறோம். முதல் வருடம் கண்ணீரோடு ஜெபித்தோம். இப்போது ஜெபக்குறிப்பில் கடைசி வரியாக “உக்ரைன் சமாதானத்திற்காக” என்று இருக்கிறது. நேரமாகிவிட்டால் அதுவும் விடுபட்டுப்போகிறது. சபை மூப்பர் ஒருவர், “யுத்தங்கள் சம்பவிக்கவேண்டியதே என்று வேதமே சொல்லுகிறது, இதற்கு ஏன் அழுதுகொண்டிருக்கிறீர்கள்” என்கிறார். ஒரு சகோதரி ரஷ்யா அழிந்துபோகவேண்டும் என்று ஜெபிக்கிறார். இன்னொருவர், ரஷ்யா நம் நாட்டுக்கு நண்பன், அப்படி ஜெபிக்கக்கூடாது என்று சண்டைபிடிக்கிறார்.

சென்ற மாதம் பாட்டியின் பேரன் போர்முனையில் காணாமற்போய்விட்டான். “உங்கள் சபைப் பெண்கள் இன்னும் ஜெபிக்கிறார்களா? யாராவது கேட்கிறார்களா?” என்று பாட்டி எழுதியிருந்தார். மூன்று வாரமாக என்னால் பதில் எழுத முடியவில்லை. முழங்காலில் நின்றால் வார்த்தை வரவில்லை. கடவுள்மேல் கோபம்தான் வருகிறது. கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். நாங்கள் எப்படி ஜெபிக்கவேண்டும், ஐயா?

– பெயரை வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒரு வேலை. இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன்பே மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பாட்டிக்கு மூன்று வரி அனுப்பிவிடுங்கள். “உங்களை நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்துவிட்டேன். உங்கள் பேரனின் பெயரை எங்களுக்குச் சொல்லுங்கள்.” இவ்வளவு போதும். பெயரை ஏன் கேட்கச் சொல்லுகிறேன் என்பதைப் பிறகு சொல்லுகிறேன்.

“யாராவது கேட்கிறார்களா?” என்ற அவருடைய கேள்வியை நீங்கள் கடவுளைப் பற்றிய கேள்வியாக மட்டும் எடுத்துக்கொண்டு மலைத்துப்போயிருக்கிறீர்கள். எனக்கு அதற்குள் இன்னொரு கேள்வியும் கேட்கிறது. பல ஆண்டுகளாக மருத்துவமனையில் போதகராகவும் ஆற்றுப்படுத்துநராகவும் இருக்கிறேன். படுக்கையில் இருப்பவர், “கர்த்தர் என்னை மறந்துவிட்டார் ஐயா” என்று சொல்லும் வேளையில், அவருடைய கண்கள் பெரும்பாலும் வார்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். வருவதாகச் சொன்ன மகள் இன்னும் வந்திருக்கமாட்டாள். மனிதர் கைவிட்டதைச் சொல்ல நாக்கு எழாதபோது கடவுளைப் பெயர் சொல்லி முறையிடுகிறோம். சுமியில் இருக்கும் அந்தப் பாட்டி கடவுளைத்தான் கேட்கிறார், சந்தேகமில்லை. கூடவே உங்களையும் கேட்கிறார். மூன்று வாரம் பதில் வராமலிருப்பதை அவர் எப்படிப் புரிந்துகொள்ளுவார் என்று எண்ணிப்பாருங்கள். உங்களைக் கடிந்துகொள்ளுவதற்காக இதை எழுதவில்லை. உங்கள் மௌனம் அன்பினால் வந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

அடுத்தது, உங்கள் கோபம். அதை எழுதிய கையோடு மன்னிப்பும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகம் எப்படித் தொடங்குகிறது என்று திறந்து பாருங்கள். “கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே!” துதியோ ஸ்தோத்திரமோ சொல்லாமல் நேரடியாகக் குற்றச்சாட்டிலே இறங்கிவிடுகிறார். 13ஆம் சங்கீதமும் அப்படியே: “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” அங்கே இரண்டே வசனங்களுக்குள் “எதுவரைக்கும்” என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. 88ஆம் சங்கீதம் இன்னும் கடினமானது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரி வரும், இதில் வராது. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கினீர் என்று சொல்லி, இருட்டிலேயே நின்றுவிடுகிறது. அதைத் தொகுத்த பெரியவர்கள் ஒரு நல்ல முடிவை ஒட்டவைத்திருக்கலாம். செய்யவில்லை. அந்த இருட்டும் ஜெபமே என்று அப்படியே விட்டுவைத்தார்கள்.

நம் சபைகளில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ஜெபம் என்றால் ஸ்தோத்திரத்தில் தொடங்கவேண்டும், விசுவாச அறிக்கையில் முடியவேண்டும், நடுவில் குரல் தழுதழுக்கலாமே தவிர முறையிடக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். குறுகிய துன்பத்துக்கு அது தாங்கும். ஆண்டுக்கணக்கில் நீளும் போருக்குத் தாங்காது. முதல் வருடம் உங்கள் சங்கத்துப் பெண்களிடம் கண்ணீர் இருந்தது. அந்தக் கண்ணீருக்குப் பிறகு கோபம் வந்திருக்கும். அதைச் சொல்ல இடமில்லாமல் போனதால், ஜெபமே வறண்டு ஜெபக்குறிப்பின் கடைசி வரியாகச் சுருங்கியிருக்கிறது. இது என் ஊகம்தான். ஆனால் துக்கத்தில் இருக்கும் குடும்பங்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்ட கோபம், கொஞ்ச நாளில் சலிப்பாக மாறிவிடும்.

அதனால் வருகிற வெள்ளிக்கிழமை புதிதாக எந்த ஜெபத்தையும் நீங்கள் தயாரிக்கவேண்டியதில்லை. 88ஆம் சங்கீதத்தை ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும். முடிந்ததும் யாரும் விளக்கம் சொல்லாமல் இரண்டு நிமிடம் அமைதியாக இருங்கள். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதிருக்கும்போது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் ரோமருக்கு எழுதினாரே, அது இப்படிப்பட்ட நேரத்துக்காக எழுதியதுதான். வார்த்தை வராமல் முழங்காலில் நிற்கிற பெண்ணை ஜெபிக்கத் தெரியாதவள் என்று அவர் சொல்லவில்லை.

இப்போது உங்கள் மூப்பரிடம் வருகிறேன். அவர் சொன்ன வசனம் மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, 6ஆம் வசனம். யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் கேள்விப்படுவீர்கள், இவைகளெல்லாம் சம்பவிக்கவேண்டியதே என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். உண்மை. அதே அதிகாரத்தில் இன்னும் 14 வசனங்கள் கீழே இறங்கி வரும்படி மூப்பரை அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள். 20ஆம் வசனம்: “நீங்கள் ஓடிப்போவது மாரிகாலத்திலாவது, ஓய்வுநாளிலாவது, சம்பவியாதபடிக்கு வேண்டிக்கொள்ளுங்கள்.”

இந்த வசனத்தின்மேல் பிரசங்கம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் போரைக் கண்ட மனிதர்களுக்கு இதைவிட நெருக்கமான வசனம் குறைவு. யுத்தம் வரும் என்று சொன்ன அதே வாய், குளிர்காலத்தில் ஓடவேண்டிவராதபடி ஜெபியுங்கள் என்றும் சொல்லுகிறது. ஏன் மாரிகாலம்? ஆற்றில் வெள்ளம் போகும், கடக்கமுடியாது. வழியில் படுக்கக் காய்ந்த இடம் இருக்காது. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வரும். இதற்கு முந்தின வசனத்தில்தான் கர்ப்பவதிகளுக்கும் பால்கொடுக்கிறவர்களுக்கும் ஐயோ என்று சொல்லியிருக்கிறார். உலக முடிவைப் பற்றிய பேச்சின் நடுவே, வழியில் ஒரு தாய் எப்படி நடப்பாள் என்ற கவலை அவருக்கு வந்துவிட்டது. சம்பவிக்கவேண்டியது சம்பவிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொள்ளுகிறவர் அப்படிப் பேசமாட்டார்.

உக்ரைன் மக்களுக்கு இந்த வசனத்துக்கு விளக்கம் தேவையில்லை. போர் தொடங்கிய 2022 பிப்ரவரி 24 அங்கே உறைபனிக் காலம். எல்லையைக் கடப்பதற்காகப் பெண்கள் குழந்தைகளோடு பனியில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து மின்நிலையங்களையும் வெந்நீர்க் குழாய்கள் ஓடும் வெப்ப நிலையங்களையும் குறிவைத்துத் தாக்குதல் நடந்துவருகிறது. நம் ஊரில் மின்சாரம் போனால் விசிறி நிற்கும். அங்கே மின்சாரம் போனால் வீடு உறையும். மாடிக்குத் தண்ணீர் ஏறாது. ஒன்பதாவது மாடியில் இருக்கும் கிழவி இறங்கமுடியாமல் அங்கேயே கிடப்பார். ஆகவே “மாரிகாலத்தில் சம்பவியாதபடிக்கு” என்று உங்கள் சங்கம் ஜெபிக்கும்போது, அது ஆண்டவர் சொல்லிக்கொடுத்த ஜெபம். மூப்பர் அதற்கு ஆமென் சொல்லலாம்.

உங்கள் சங்கத்துச் சண்டைக்கு வருகிறேன். எந்தப் பக்கம் நின்று ஜெபிப்பது?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். இந்தப் போரில் ஒரு நாடு எல்லை தாண்டி இன்னொரு நாட்டுக்குள் படையை அனுப்பியது. ஜெபிக்கிறவர்கள் நடுநிலை என்ற பெயரில் இதை மழுப்பக்கூடாது. காயத்தை மேற்பூச்சாகக் குணமாக்கி, சமாதானமில்லாதிருந்தும் சமாதானம் சமாதானம் என்று சொல்லுகிறவர்களை எரேமியா கடிந்துகொண்டார். 2025 ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு. அந்த ஆண்டு கிழக்குச் சபைகளுக்கும் மேற்குச் சபைகளுக்கும் ஈஸ்டர் ஒரே நாளில் வந்தது. நம் பிள்ளைகள் ஓசன்னா பாடிக்கொண்டு தெருவில் நடந்த அதே ஞாயிறு காலையில், சுமி நகரத்தின் நடுவே இரண்டு ஏவுகணைகள் விழுந்தன. அந்த ஊரில் குருத்தோலை கிடைக்காது. வில்லோ மரக் கிளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கோவிலுக்குப் போவார்கள். 30க்கும் மேற்பட்டவர்கள் அன்று இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. பஸ்ஸில் இருந்தவர்களும் இறந்தார்கள். உங்கள் மகன் நடந்த தெருக்கள் அவை. இதற்காக ஜெபிக்கும்போது, கொன்றவன் கையை நிறுத்தும் என்று கேட்பது தவறல்ல. அந்தக் கை நிற்கவேண்டும் என்பதே முதல் வேண்டுதல்.

ஆனால் ரஷ்யா அழியவேண்டும் என்று உங்கள் சகோதரி ஜெபிக்கிறாரே, அதில் அவர் யாரை நினைத்துக்கொள்ளுகிறார்? அந்த நாட்டிலும் மகன் எங்கே என்று தெரியாத தாய்மார் இருக்கிறார்கள். ஜெபத்தில் ஒரு சொல்லை மாற்றியதற்காகப் பதவி இழந்த குருவானவரும் இருக்கிறார். 2022 இலையுதிர்காலத்தில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைவரான மாஸ்கோ முதுபெரும் தந்தை கிரில், எல்லா ஆலயங்களிலும் சொல்லும்படி ஒரு ஜெபத்தை அனுப்பினார். அதில் வெற்றி தாரும் என்ற வேண்டுதல் இருந்தது. மாஸ்கோ நகரத்தில் ஐயோன் கோவல் என்ற குருவானவர், “வெற்றி” என்று வரும் இடத்தில் “சமாதானம்” என்று மாற்றிச் சொன்னார். யாரோ புகார் செய்தார்கள். 2023 மே மாதம் சபை நீதிமன்றம் அவரைக் குருப்பட்டத்திலிருந்து நீக்கியது. பிறகு இன்னொரு ஆர்த்தடாக்ஸ் தலைவரான கான்ஸ்டான்டினோபிள் முதுபெரும் தந்தை அவருக்குப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜெபத்தில் ஒரு சொல் இருந்தால் என்ன, மாறினால் என்ன என்று நாம் நினைக்கிறோம். அதிகாரம் அப்படி நினைக்கவில்லை. உங்கள் சங்கத்தின் இரண்டு சகோதரிகளுக்கும் இவரைப் பற்றிச் சொல்லுங்கள். ரஷ்யாவுக்காக ஜெபிக்கவேண்டும் என்கிறவர், இவருக்காகவும் இவரைப் போன்றவர்களுக்காகவும் ஜெபிக்கட்டும். ரஷ்யாவின்மேல் கோபமாக இருப்பவரும் இவருக்காக ஜெபிக்கலாம். மனதுக்கு ஒவ்வாத வேலையாக இருக்காது. பகைவருக்காக ஜெபிக்கத் தொடங்க அது ஒரு நல்ல படி.

இங்கிலாந்தில் கவென்ட்ரி என்ற நகரம் இருக்கிறது. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசி, அந்த ஊர்ப் பேராலயத்தை எரித்துவிட்டன. வெளிச்சுவர்களும் கோபுரமும் மட்டும் மிஞ்சின. அந்த இடிபாட்டுச் சுவரில், பீடம் இருந்த இடத்துக்குப் பின்னால், இரண்டே சொற்களைப் பொறித்து வைத்தார்கள்: பிதாவே, மன்னியும். சிலுவையில் ஆண்டவர் “இவர்களுக்கு மன்னியும்” என்று சொன்னார் அல்லவா? இவர்கள் “இவர்களுக்கு” என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். யாருக்கு என்பதை எழுதவில்லை. வாசிக்கிறவனும் அதற்குள் வந்துவிடுகிறான். 1958இல் அதை மறுமொழியாகக் கொண்டு லித்தானியா என்னும் மன்றாட்டு ஜெபம் ஒன்று எழுதப்பட்டது. தேசத்தைத் தேசத்திலிருந்து பிரிக்கும் பகை, மனிதரின் உழைப்பைச் சுரண்டிப் பூமியைப் பாழாக்கும் பேராசை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் “பிதாவே, மன்னியும்” என்று பதில் சொல்லுவார்கள். இன்றும் வெள்ளிக்கிழமை நண்பகலில் அதைச் சொல்லுகிறார்கள். உங்கள் சங்கம் கூடுவதும் வெள்ளிக்கிழமைதானே.

ஒரு எச்சரிக்கை. இந்த மன்னிப்பு ஜெபத்தை நீங்கள் உங்கள் வாயால் சொல்லுங்கள். பாட்டிக்குக் கற்றுக்கொடுக்க முயலவேண்டாம். பேரனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் மன்னிக்கவேண்டும் என்று தொலைவில் இருப்பவர்கள் சொல்லுவது கொடுமை. அது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையில் என்றைக்காவது நடக்கட்டும், நடக்காமலும் போகட்டும்.

சரி, வெள்ளிக்கிழமை ஜெபத்தை எப்படி நடத்துவது? “உக்ரைன் சமாதானத்திற்காக” என்ற அந்த வரியை அடித்துவிடுங்கள். அது மிகப் பெரியது. எந்தப் பெண்ணாலும் அதை நெஞ்சில் தூக்கமுடியாது. பெரிய வேண்டுதல்கள்தான் முதலில் சோர்ந்துபோகின்றன. அதற்குப் பதிலாக ஒரு வாரத்துக்கு ஒரு சிறிய காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம், தாக்குதல் முடிந்த மறுமணி நேரத்திலேயே கம்பத்தில் ஏறும் மின்வாரியத் தொழிலாளர்கள். உங்கள் சபையிலும் மின்வாரியத்தில் வேலை செய்கிறவர் வீட்டம்மா ஒருவராவது இருப்பார். அவரை அந்த வாரம் ஜெபிக்கச் சொல்லுங்கள். இன்னொரு வாரம், கார்கிவ் நகரத்தில் சுரங்க ரயில் நிலையங்களுக்குள் வகுப்பறை கட்டி, 2023 செப்டம்பரிலிருந்து பாடம் நடத்திவரும் ஆசிரியர்கள். உங்களில் டீச்சர்கள் இருக்கிறார்கள். வேறொரு வாரம், வயலில் கண்ணிவெடி தோண்டி எடுப்பவர்கள். கைதிப் பரிமாற்றத்தில் திரும்பிவரும் மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு சாலையில் நிற்கும் தாய்மார். ரஷ்யாவுக்குக் கொண்டுபோகப்பட்ட குழந்தைகள். அந்தக் குழந்தைகள் 19,000க்கும் மேல் என்று உக்ரைன் அரசு கணக்குச் சொல்லுகிறது. அந்த எண்ணை ஜெபத்தில் சொல்லாதீர்கள். ஒரு குழந்தை, தன் பழைய வீட்டு முகவரியை மறந்துவிடாதபடி காத்தருளும் என்று கேளுங்கள்.

ஜெபத்துக்கு முன்னால் போர்க் காட்சிகளைக் கைப்பேசியில் சுற்றவிடுவது நல்லதல்ல. அதிர்ச்சியால் எழுகிற ஜெபம் அதிர்ச்சி பழகினதும் நின்றுவிடும்; அடுத்த வாரம் அதைவிடக் கொடிய படம் தேவைப்படும். பாட்டி அனுப்பும் செய்தியில் ஒரு வரியை வாசியுங்கள். அது போதும்.

எல்லாரும் எல்லா வாரமும் வரவேண்டியதும் இல்லை. யுத்தம் நடக்கையில் உயர்த்தியிருந்த மோசேயின் கைகள் அசந்துபோனபோது, ஆரோனும் ஊர் என்பவரும் முதலில் செய்தது ஒரு கல்லைக் கொண்டுவந்து உட்காரவைத்ததுதான். விசுவாசம் குறைந்துவிட்டது என்று அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. நீங்கள் ஒரு மாதம் உட்காருங்கள். இரண்டு பெண்கள் தாங்கட்டும். பிறகு அவர்கள் உட்காரட்டும்.

இதைக் கேட்டு யாராவது, உக்ரைன் மட்டும்தானா, சூடானில் 2023 ஏப்ரலிலிருந்து போர் நடக்கிறதே, ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்திருக்கிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சூடானுக்காக ஜெபிக்கும் ஒரு சங்கம் எங்காவது இருந்தால் என் மனம் மகிழும். இல்லாவிட்டால் உங்களிலேயே ஒருவர் தொடங்கட்டும். ஆனால் உங்களுக்கு ஒரு முகம் கொடுக்கப்பட்டிருக்கிறது. உருளைக்கிழங்கு அவித்துக்கொடுத்த முகம். அதற்குக் கடன்பட்டிருக்கிறீர்கள்.

ஜெபித்தால் போர் நின்றுவிடுமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை; கேட்கப் பயந்திருப்பீர்கள். நிற்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். கெத்செமனேயில் பாத்திரம் நீங்கவேண்டும் என்று கேட்டவருக்கே பாத்திரம் நீங்கவில்லை. ஆனால் அங்கே அவர் சீஷர்களிடம் கேட்டது என்ன? ஒரு மணி நேரம் என்னோடு விழித்திருங்கள் என்பதுதான். பாடுபடுகிறவரோடு விழித்திருப்பதற்கு ஜெபம் என்று பெயர். நான் பல ஆண்டுகளாக மருத்துவமனை வார்டுகளில் செய்துவருவதும் அதுதான். அதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியாது. ஒவ்வொரு நாளும் போர் நிற்கவேண்டும் என்றும் கேட்கிறேன். கேட்பதை நிறுத்தமாட்டேன்.

வார்த்தையே வரவில்லை என்றீர்கள் அல்லவா, கொஞ்ச நாளைக்கு என் வார்த்தைகளைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்:

“கர்த்தாவே, எதுவரைக்கும்? சுமியில் இன்று இரவு அபாயச் சங்கு ஊதும்போது, படிக்கட்டில் இறங்கமுடியாத முதியவர்களை நினைத்தருளும். போர்வைக்குள் நடுங்கும் பிள்ளைகளுக்கு விடியுமட்டும் தூக்கம் தாரும். கம்பத்தில் ஏறுகிறவனின் கையையும், அறுவை மேசையில் குனிந்திருக்கிறவரின் கண்ணையும் பாதுகாத்தருளும். ஏவுகணைப் பொத்தானுக்கு அருகில் இருக்கும் இளைஞனுக்குத் தன் தாயின் முகத்தை நினைப்பூட்டும். கட்டளையிடுகிறவர்களின் கையைத் தடுத்தருளும். வில்லை ஒடித்து ஈட்டியை முறிக்கிறவர் என்று உம்மைப் பாடியிருக்கிறோமே, முறித்தருளும். எங்கள் சகோதரி தன் பேரனைத் தேடுகிறார். அவன் இருக்கும் இடம் உமக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அவன் பெயரைச் சொல்லி உம்முன் நிற்கிறோம். பிதாவே, மன்னியும். ஆமென்.”

இப்போது பெயர் விஷயம்.

சில ஆண்டுகளுக்கு முன், தமிழ்நாட்டில் ஈழத் தமிழர் தங்கியிருக்கும் முகாம் ஒன்றில் ஒரு தாயைச் சந்தித்தேன். அவருடைய மகன் 2009இல் போரின் கடைசி மாதங்களில் காணாமற்போனவன். நான் அவருக்காக ஜெபித்தேன். நல்ல ஜெபம் என்றே நினைத்தேன். “காணாமற்போன பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆறுதல் தாரும்” என்று முடித்தேன். அவர் கண்ணைத் திறந்து, “ஐயா, எல்லாரும் ‘காணாமற்போனவர்கள்’ என்றுதான் ஜெபிக்கிறார்கள். என் பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறேன்” என்றார். மறுபடி கண்ணை மூடி, பெயரைச் சொல்லி ஜெபித்தேன். அவர் என் கையை விடவே இல்லை. போர் நீளநீள மனிதர்கள் எண்ணிக்கையாகவும் வகையாகவும் மாறிவிடுகிறார்கள்: அகதிகள், கைதிகள், காணாமற்போனவர்கள். ஜெபிக்கிறவர்களும் அறியாமலேயே அதற்குத் துணைபோகிறோம். அன்றிலிருந்து பெயர் கேட்காமல் யாருக்காகவும் நான் ஜெபிப்பதில்லை.

பாட்டிக்கு நீங்கள் எழுதும் கடிதத்தில் “கர்த்தருடைய சித்தம்” என்ற சொல்லே வரவேண்டாம். “உயிரோடு வருவான், எனக்கு வெளிப்படுத்தப்பட்டிருக்கிறது” என்று யாராவது சொல்லியிருந்தால் அதை அனுப்பவே அனுப்பாதீர்கள். “நல்ல இடத்துக்குப் போயிருப்பான்” என்பதும் வேண்டாம். அவர் அவனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அவன் எப்படிப்பட்ட பிள்ளை, சிறுவயதில் என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேளுங்கள். அவர் நீளமாக எழுதுவார்.

இன்னொன்றும் கேட்கலாம், மிக மெதுவாக. சுமியில் பெரும்பாலானவர்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், பாட்டியும் அப்படியிருக்கக்கூடும். அந்த ஆலயங்களில் வாசலுக்கு அருகே சிறு தாள்கள் வைத்திருப்பார்கள். ஜெபிக்கவேண்டியவர்களின் ஞானஸ்நானப் பெயர்களை எழுதிக் குருவானவரிடம் கொடுப்பார்கள். ஆராதனையில் அவர் அவற்றை வாசிப்பார். தாள்கள் இரண்டு வகை. ஒன்று உயிரோடு இருப்பவர்களுக்கு, அவர்களுடைய சுகத்துக்காக. மற்றது இறந்தவர்களுக்கு, அவர்களுடைய இளைப்பாறுதலுக்காக. காணாமற்போனவனின் பெயரை எந்தத் தாளில் எழுதுவது? அந்த மேசைக்கு முன்னால் பேனாவோடு நின்று எத்தனை பெண்கள் கை நடுங்கியிருப்பார்கள் என்று எண்ணினால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நம் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் இல்லை. அந்த விவாதத்தை இதற்குள் கொண்டுவரவேண்டாம். பாட்டி எந்தத் தாளில் எழுதுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உயிரோடு இருப்பவர்களின் தாளில் எழுதினால், நீங்களும் அவனை உயிரோடு இருப்பவனாகவே நினைத்து, அவனுக்குக் குளிராமலும் பசிக்காமலும் இருக்கும்படி ஜெபியுங்கள். செய்தி எதுவானாலும், அவர் தாளை மாற்றும்வரை நீங்கள் மாற்றாதீர்கள். ஒரு நாள் அவர் மாற்றவேண்டிவந்தால், அன்று உங்களுக்குத்தான் முதலில் சொல்லுவார்.

பெயர் வந்ததும் எனக்கும் எழுதி அனுப்புங்கள். எங்கள் மருத்துவமனைச் சிற்றாலயத்தில் காலை ஏழு மணிக்கு, இரவுப் பணி நர்ஸ்கள் வீட்டுக்குப் போகுமுன் ஒரு சிறு ஜெபம் நடக்கும். நோயாளிகளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி வைப்போம். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அதில் ஒரு வரியைக் காலியாக விட்டுவைத்திருக்கிறேன்.